கத்தி அடிப்பித்த காலம்

அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்குச் செல்லும் வீதியில் உள்ளது கோமாரி. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும். இத்தகைய ஊரில் வாழ்பவனுக்குக் கத்தி அலங்காரப் பொருளன்று. வேலிக்குக் கம்பு வெட்டவும், மீன் அரியவும், காட்டுவழியில் முள்ளை ஒதுக்கவும் அதுவே வேண்டும். செய்து வைத்த கத்தியைக் கடையில் விலைகொடுத்து வாங்குவது பிற்கால வழக்கம். முன்னாளிற் கத்தி வேண்டியவன் கொல்லனிடம் சென்று, தன் கைக்கும் தொழிலுக்கும் ஏற்றவாறு அதனை அடிப்பித்துக்கொண்டான்.

அவ்வாறு அடிப்பித்த விதத்தை அருகிருந்து பார்த்து எழுதியவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. அவர் 1660ஆம் ஆண்டு கிழக்குக் கரையிலே கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றார். அவரது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

நொக்ஸ் காட்டும் கொல்லன் பெருமிதம் மிக்கவன். அரசனின் கொல்லன் ஒவ்வொருவனுக்கும் சில ஊர்கள் உரியன. அவ்வூரார் வேறொரு கொல்லனிடம் போதல் ஆகாது. கருவிகளைச் செப்பனிடுவதற்கு அறுவடைக் காலத்தில் நெல் அளந்துவிடுவர். புதிதாக ஒன்று செய்வதென்றால் அரிசியும் கோழியும் காணிக்கையாகக் கொண்டு, பணிவோடு சென்று நாள் கேட்க வேண்டும். குறித்த நாளில் இரும்பையும் கரியையும் கேட்டவனே சுமந்து வருவான். துருத்தி ஊதுபவனும் அவனே. பெருஞ் சம்மட்டி அடிப்பவனும் அவனே! கொல்லனோ இருக்கையை விட்டு எழுவதில்லை. இரும்பைப் பிடித்தபடி, சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவம் கொடுப்பான். கல்லில் தீட்டுவதும் வந்தவன் வேலையே. இறுதியில் அரம் போட்டு முடிப்பது மட்டும் கொல்லன் கை. இதைக் கொல்லனின் செருக்கு என்றே நொக்ஸ் கருதினார். செருக்கு இருந்திருக்கலாம், ஆயினும் தான் ஊதி, தான் அடித்து உருவாக்கிய கத்தியின் பலத்தையும் பலவீனத்தையும் உடையவன் நன்கு அறிந்திருப்பான் அன்றோ?

கொல்லன் முன் தோன்ற விரும்பாதவர்களும் இருந்தனர். காட்டு வேடர்கள் இரவில் வந்து, பட்டறையில் மான் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டி வைத்துச் செல்வர் என்கின்றார் நொக்ஸ். கொல்லன் அவ்வளவுக்கே அம்பு செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிட்டால் இரவில் அம்பு பாயும். ஒரு சொல்லும் பேசாமல் அளவு, விலை, எச்சரிக்கை மூன்றையும் அந்த இலை தெரிவித்தது.

அரசவைக்கென அடித்த கத்தி வேறு வகையானது. கண்டி மன்னரின் பட்டறைகளில் உருவான ‘பிஹிகெத்த’ என்னும் கத்திக்குத் தடித்த முதுகும், வெள்ளியோ பித்தளையோ பதித்த அலகும், கொம்பினாலோ தந்தத்தாலோ அமைந்த பிடியும் உண்டு. அதன் உறை மரத்தாலானது. வெள்ளிப் பட்டைகள் அதனை இறுக்கும். ஓலையில் எழுதும் எழுத்தாணியையும் சில உறைகளில் சேர்த்தே செருகி வைத்தனர்.

இவற்றுக்கெல்லாம் இரும்பு இந்நாட்டிலேயே கிடைத்தது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு உலைகள் எரிந்தன. ஜில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் அவற்றை அகழ்ந்து, அதே அமைப்பில் உலை கட்டி இரும்பு உருக்கிக் காட்டி, 1996இல் முடிவை வெளியிட்டார். அவ்வுலைகள் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்கிந்தி, சரந்தீப் வாள்களையும் குறிப்பிடுகின்றார். சரந்தீப் என அரபியர் அழைத்தது இலங்கையையே.

ஐரோப்பிய இரும்பு மலிவாக வந்திறங்கியபின் மலையுலைகள் அணைந்தன. இன்றைய கிராமத்துக் கொல்லனுக்குப் பழைய லொறியின் வில்லுத்தகடே உருக்கு. பழுக்கக் காய்ச்சி அடித்து, தோய்ச்சலிட்டபின் மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டும்போது அலகின் மேல் வைக்கோல் நிறம் படரும். அந்நிறம் நீலமாக மாறுமுன் வெளியே எடுத்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தால் முனை மென்மையாகிவிடும்.