முதுகுவலியும் ஸ்கேன் படமும்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று பார்த்த நாளிலிருந்து குனியவே பயப்படுகிறவர்கள் நிறைய பேர். ஐடி வேலையில் இருப்பவர்களிடம் இது சர்வ சாதாரணம். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1934-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலுக்கு வலி இறங்கும், அதை அறுவை சிகிச்சையில் எடுக்கலாம் என்றார்கள். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் போகப்போக, நரம்பு அழுத்தமே இல்லாத சாதாரண முதுகுவலிக்கும் டிஸ்க் மேலேயே பழி விழுந்தது.

இதற்கு எதிராகப் பேசியவர் நியூயார்க் மருத்துவர் ஜான் சார்னோ. அடக்கி வைத்த கோபமும் கவலையும்தான் தசைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து வலியை உண்டாக்குகின்றன என்று 1991-இல் வந்த புத்தகத்தில் எழுதினார். பயப்படாமல் வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார். குணமானதாகப் பலர் சொன்னார்கள். ஆனால் ஒப்பீட்டுக் குழு வைத்து அவர் சோதிக்கவில்லை. சக மருத்துவர்களில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவும் இல்லை.

1994-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. முதுகுவலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தது! எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அதாவது படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

2021-இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு வெளியானது. சார்னோவின் ரத்த ஓட்டக் கணக்கை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சர்வர் சரியான பிறகும் அலர்ட் அடித்துக்கொண்டே இருக்குமில்லையா, மூளையும் அப்படித்தான் என்பது அவர்கள் கருத்து. பயம் அந்த அலர்ட்டை அணையவிடாது. சராசரியாக 10 வருடம் வலியோடு இருந்த 151 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இந்த வலியில் ஆபத்தில்லை என்று மூளைக்குப் பழக்கும் 4 வாரப் பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போயிருந்தது, அல்லது போனமாதிரிதான். போலி ஊசி போட்டவர்களில் 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 10 சதவீதம்.

அப்போ வலி பொய்யா? இல்லவே இல்லை. "எல்லாம் மனசுலதான்" என்று ஒருவரை மட்டம் தட்ட இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. அலர்ட் உண்மை, வலியும் உண்மை. முதுகு உடைந்துவிட்டது என்ற முடிவுதான் தப்பு.

ஒன்று மட்டும்: கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வலி வருவது, இதெல்லாம் இருந்தால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். அவர் பார்த்து ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டால், தைரியமாகக் குனியலாம்.