காங்கேசன்துறையில் தோற்றவர்கள்

2024 நவம்பர் 14 தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அடுத்த நாளே இரண்டு கதை கிளம்பியது. "சனம் துரோகம் செய்திட்டுது" எண்டது ஒன்று. "தமிழ்த் தேசியம் முடிஞ்சுது" எண்டது மற்றது, இது கூடுதலாகத் தெற்கிலிருந்து வந்தது. இரண்டு கதைக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றுதான்: யாழ்ப்பாணம் அதுவரைக்கும் ஒரே குரலில்தான் வாக்குப் போட்டது.

அப்படி ஒரு காலம் இருந்ததா? இதைப் பார்க்க நாங்கள் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்கிறோம். தந்தை செல்வாவின் தொகுதி எண்டு எல்லாருக்கும் தெரிந்த காங்கேசன்துறை.

இந்தத் தொகுதியின் வரலாறு வேட்பாளரே இல்லாமல்தான் தொடங்குகிறது. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் அந்த யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை எண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கேட்டது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் அதன் முன்னணியில் நின்றார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதியிலும் ஒருத்தரும் வேட்புமனு கொடுக்கவில்லை. எங்கட வயதுக்காரர் சொல்லி பெரியவர்கள் கேட்ட தேர்தல் அது. ஆனால் 1934இலேயே அந்த நாலு ஆசனங்களும் நிரப்பப்பட்டன.

அப்போது காங்கேசன்துறைக்கு வந்தவர் சு. நடேசன். சேர் பொன். இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபர். அந்தக் கல்லூரி இருந்த இடத்தில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அவர் நடந்த மண்ணில்தான் நாங்கள் இண்டைக்கு விரிவுரைக்குப் போகிறோம், ஆனால் அவர் பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற சா. ஜே. வே. செல்வநாயகம் இந்த ஆசனத்தை வென்றார். பிறகு மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சமஷ்டி எண்ட கோரிக்கையோடு 1952இல் அவர் தன் சொந்தத் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வந்தபோது என்ன நடந்தது? தோற்றார். வென்றவர் அதே நடேசன், யூ.என்.பி. யானைச் சின்னத்தில். நாடு முழுக்கத் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது 2 ஆசனம், கோப்பாயும் திருகோணமலையும். நடேசன் பிறகு கொத்தலாவலையின் அமைச்சரவையிலும் இருந்தார்.

அண்டைக்கும் "சமஷ்டி முடிஞ்சுது" எண்டு ஆராவது சொல்லியிருந்தால் அதை நம்பவும் ஆக்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நாலு வருடம்கூட அது தாங்கவில்லை. 1956இல் யூ.என்.பி.யே களனி மாநாட்டில் தனிச் சிங்களத்துக்கு மாறியது. தெற்குக் கட்சியோடு சேர்ந்து போகலாம் எண்டு நடேசனுக்கு வாக்குப் போட்டவர்களின் காலடி மண்ணை அந்தக் கட்சியே தோண்டி எடுத்தது. அந்த வருடத் தேர்தலில் செல்வநாயகம் திரும்பவும் வென்றார்.

அதுக்குப் பிறகு எல்லாம் ஒரே குரலா? அதுவும் இல்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டுப் போராடியபோது, வாசலை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கினவர் சி. சுந்தரலிங்கம். போராடினவர்களோடு இடதுசாரிகள் நின்றார்கள். தமிழரசுக் கட்சி தெளிவான பக்கம் எடுக்கவில்லை எண்ட குற்றச்சாட்டு அப்பவே எழுந்தது. 1970 தேர்தலில் செல்வநாயகம் 13,520 வாக்கோடு வென்றாலும், பதிவான வாக்கில் பாதி அவருக்குக் கிடைக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 8,164 வாக்கோடு இரண்டாவதாக வந்தார்.

1972 குடியரசு யாப்பை எதிர்த்துச் செல்வநாயகம் அந்த வருடம் ஒக்டோபரில் பதவியைத் துறந்தார். முடிந்தால் என்னோடு போட்டியிட்டு மக்களிடம் கேளுங்கள் எண்டதுதான் சவால். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6இல்தான் இடைத்தேர்தல் வைத்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்கு. அரசாங்கப் பக்கத்தில் நின்ற வி. பொன்னம்பலத்துக்கு 9,457. தனித் தமிழ் நாட்டுக்கான ஆணை இது எண்டு அண்டைக்குச் செல்வநாயகம் அறிவித்தார்.

எல்லாப் புத்தகத்திலும் 16,470 எண்ட பெரும்பான்மை இருக்கிறது. நாங்கள் நிற்கிறது மற்ற எண்ணில். அலை அவ்வளவு பெரிதாக அடித்தபோதும் பொன்னம்பலத்தின் வாக்கு 1970ஐ விடக் கூடியிருக்கிறது! தேசிய உரிமையோடு சாதியையும் கூலியையும் காணியையும் கதைக்க வேணும் எண்டு நினைத்தவர்களும் அந்த 9,457 பேருக்குள் இருந்தார்கள். அவர்களைத் துரோகிகள் எண்டு எழுதினால் மாவிட்டபுரத்தின் வாசல்படியையும் சேர்த்து அழிக்க வேண்டிவரும்.

செல்வநாயகம் 1977 ஏப்ரல் 26இல் காலமானார். அந்த ஜூலைத் தேர்தலில் இங்கு வென்று எதிர்க்கட்சித் தலைவரானவர் அ. அமிர்தலிங்கம், 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றவர். 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது, காங்கேசன்துறை மாவட்டத்துக்குள் ஒரு வாக்கெண்ணும் பிரிவாகச் சுருங்கியது. 1990இல் பலாலியைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தபோது ஊர்களே காலியாகின. பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்தது, ஆள் முகாமில் இருந்தார்.

இனி 2024க்கு வருவோம். தேசிய மக்கள் சக்திக்கு மாவட்டத்தில் விழுந்தது ஏறக்குறைய 25 வீத வாக்கு. மற்றவர்கள் சிதறி நின்றதாலும், முதலாவதாக வரும் கட்சிக்குப் போகும் மேலதிக ஆசனத்தாலும் அது பாதி ஆசனமானது. காற்பங்கு வாக்கை வைத்து ஒரு சனத்தின்ர மனதை வாசிக்க ஏலாது. அதே நேரம் அந்தக் காற்பங்கைத் துரோகம் எண்டு தள்ளிவிடவும் ஏலாது.

1952இல் வென்ற தெற்குக் கட்சி, தன்னை நம்பினவர்களின் வாக்கைக் காப்பாற்றவில்லை. 1970இல் பாதிக்குக் கீழே இறங்கின தமிழ்க் கட்சி, தன் ஊர்க் கோயில் வாசலில் நின்றவர்களுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இண்டைக்கு ஆசனத்தில் இருக்கிறவர்களும், ஆசனத்தை இழந்தவர்களும் வாசிக்க வேண்டிய பாடம் இந்த ஒரு தொகுதியிலேயே இருக்கிறது. வெற்றிப் பட்டியலில் அது கிடைக்காது. இரண்டாம் இடத்துக்கு எதிரே இருக்கிற எண்ணில்தான் கிடைக்கும்.