சில்லறையில் பழைய காசு வந்தால் என்ன செய்யலாம்?

காப்பிக்கடையில் 2 வெள்ளி நீட்டினீர்கள். மீதி வந்தது. வழக்கமாக எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுவிடுவீர்கள். இன்று ஒரு 20 காசு மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் வாள்மீன்!

அட, இது எந்த நாட்டுக் காசு என்று யோசிக்கவேண்டாம். நம்ம காசுதான். உங்கள் அப்பா அம்மா பள்ளி கேன்டீனில் மீ வாங்கிச் சாப்பிட்ட காசு.

இப்படிப்பட்ட காசு கையில் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. பாதிப்பேர் கைத்தொலைபேசியிலேயே பணம் கட்டிவிடுகிறோம். வீட்டில் சேரும் சில்லறையும் கடைசியில் வங்கியின் காசு போடும் இயந்திரத்துக்குத்தான் போகிறது. தாத்தா பாட்டி வீட்டைக் காலிசெய்யும்போது அலமாரியில் இருக்கும் மைலோ டின்னுக்கும் அதே கதி. உள்ளே கொட்டிவிட்டால் அதே காசு உங்கள் கைக்குத் திரும்பி வராது. அதனால் கொட்டுவதற்கு முன்னர் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மூன்று தலைமுறைக் காசுகள்

சிங்கப்பூரின் சொந்தக் காசுகள் முதலில் வெளியானது 1967இல். 5 காசில் பாம்புத்தாரா, 10 காசில் கடற்குதிரை, 20 காசில் வாள்மீன், 50 காசில் சிங்கமீன். 1 வெள்ளியில் சிங்கம். அந்த 1 வெள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா? அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல். இன்றைய 1 வெள்ளியை அதன்மேல் வைத்தால் சுற்றிலும் நிறைய இடம் மிச்சம் இருக்கும். சட்டைப்பையில் நாலைந்து போட்டால் சட்டையே ஒரு பக்கம் தொங்கும்.

1 காசில் மட்டும் கடலும் இல்லை, மீனும் இல்லை. வீவக அடுக்குமாடியும் அதன் முன்னால் நீரூற்றும்! சிங்கப்பூர் அப்போது எதைப் பெரிதாக நினைத்தது என்பதை அந்தச் சின்னக் காசு காட்டிவிடுகிறது. 2013இல் வந்த 10 காசிலும் வீவக வீடுகள்தான்.

இரண்டாம் வரிசை 1985இல் தொடங்கியது. எல்லாம் பூவும் செடியும். 10 காசில் நட்சத்திர மல்லிகை, 50 காசில் மஞ்சள் அலமண்டா, 1 காசில் வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட். பொன்னிற 1 வெள்ளி 1987இல் சேர்ந்தது. அதில் இருப்பது நித்தியகல்யாணி. நம் ஆட்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வைப்பார்களே, அதே செடி. சுற்றி இருக்கும் எண்கோணத்தைப் பற்றி பெங் சுவி கதைகள் நிறைய கேட்டிருப்பீர்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. 1989ஆம் ஆண்டுக் காசையும் 1995ஆம் ஆண்டுக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாட்டுச் சின்னத்துக்குக் கீழே உள்ள பட்டையின் வளைவு வேறு மாதிரி இருக்கும். 1992இல் மாற்றினார்கள். இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் பலர் அதைக் கவனித்ததில்லை. அதே பக்கத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் இருக்கிறது. அதைக் கவனித்திருக்கிறீர்கள்தானே?

மூன்றாம் வரிசை 2013 ஜூனில் வெளியானது. எஸ்பிளனேட், சாங்கி விமான நிலையம், துறைமுகம், மெர்லயன் எல்லாம் இதில்தான்.

அவசரமாகப் பிரிக்கவேண்டுமா? காந்தத்தை எடுங்கள். மூன்றாம் வரிசையின் 5, 10, 20, 50 காசுகள் முலாம் பூசிய எஃகு என்பதால் ஒட்டிக்கொள்ளும். பூப்போட்ட பழைய 10, 20, 50 காசுகள் ஒட்டா. முதல் வரிசையின் சிறிய காசுகளில் சில ஒட்டும், சில ஒட்டா. அவற்றைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

முகம் தெரியாத காசு வந்தால்?

சுல்தான் படம் போட்ட காசு மீதியில் வந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அது புருணை காசு. 1967இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி புருணை டாலரும் சிங்கப்பூர் வெள்ளியும் சரிக்குச் சரி மதிப்புடையவை. இங்கேயே செலவு செய்யலாம். மலேசிய சென் வந்தால் அது வேறு கதை. அடுத்தமுறை ஜொகூர் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மைலோ டின்னில் சதுரமான 1 காசு கிடைத்தால் அது சிங்கப்பூர் தனி நாடாவதற்கு முந்தியது. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காலத்துக் காசு. கடையில் கொடுக்க முடியாது. அதைவிடப் பழைய, மன்னர் தலை போட்ட மலாயா 5, 10, 20 காசுகள் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். 1945 வரை அவற்றில் வெள்ளி உலோகம் கலந்திருந்தது. 1948 முதல் செம்பும் நிக்கலும்தான். ஒரு காலத்தில் இங்கே புழங்கிய டாலரே வெள்ளிக் காசுதான். உலோகம் போய்விட்டது, நாம் இன்னும் வெள்ளி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எவ்வளவு கிடைக்கும்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. உண்மையைச் சொன்னால், பெரும்பாலான காசுகளுக்கு முகமதிப்புத்தான். 1967 என்று போட்டிருந்தாலே அரிய காசு என்று ஆகிவிடாது. லட்சக்கணக்கில் அச்சிட்டவை அவை. அந்த ஆண்டில் எத்தனை அச்சிட்டார்கள், காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற இரண்டும்தான் விலையைத் தீர்மானிக்கும்.

ஆனால் முகமதிப்புக்குக் கீழே போகாது. 1967 முதல் வெளியான சிங்கப்பூர்க் காசுகள் எல்லாம் இன்றும் செல்லும். 1 காசு வெளியிடுவதை 2002 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் அதுவும் செல்லும்.

"இந்த 5 ரூபாய் காசு உங்ககிட்ட இருக்கா? பத்து லட்சம் ரூபாய்!" என்று ஒரு காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருக்கும். பெரும்பாலும் பெரியம்மாவோ மாமாவோ அனுப்பியிருப்பார்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன். பணம் உங்களிடமிருந்துதான் போகும், வராது. தன் பெயரைப் பயன்படுத்தி இப்படிப் பணம் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. காசை வாங்குபவர்தான் பணம் தரவேண்டும், விற்பவர் இல்லை. பெரியம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைக்கலாம்.

தேய்க்காதீர்கள், ப்ளீஸ்

பழைய காசு கறுத்திருந்தால் உடனே கை பரபரக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வீடுகள் நம்முடையவை. காசுக்கு அந்த வைத்தியம் ஆகாது. புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். மேற்பரப்பில் நுண்ணிய கீறல் விழுந்துவிடும். சேகரிப்பவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார், விலையும் இறங்கிவிடும். கறுப்பைப் போக்கலாம், கீறலைப் போக்க முடியாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். விரலில் இருக்கும் வியர்வையே போதும், செம்பில் ரேகை பதிந்துவிடும்.

இங்கே ஈரப்பதம் அதிகம். காற்றுப்புகாத டப்பாவில் காசை வைத்து, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். புதுக் காலணிப் பெட்டியில் வருமே, அதுதான். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நாளாவட்டத்தில் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். ரப்பர் பேண்டும் ஒட்டும் நாடாவும் அதே மாதிரி ஆபத்து. அமிலமில்லாத சின்னக் காகித உறை போதும்.

உறைமேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஆண்டு, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள். காசை உள்ளே போடுவதற்கு முன்னரே எழுதுங்கள், போட்டபிறகு எழுதினால் அழுந்தும். மைலோ டின் பாட்டியுடையது என்றால், எழுதுவதற்கு முன்னால் அவரிடமே கேட்டுவிடுங்கள். அந்தப் பெரிய 1 வெள்ளியை எதற்காகச் செலவு செய்யாமல் வைத்திருந்தார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.