காந்தமும் கரண்ட்டும்: சும்மா சுற்றும் சக்கரத்தின் கதை

"காந்தத்தில் ஓடும் ஜெனரேட்டர். டீசல் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம்!" என்று ஒரு வீடியோ வருடத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் குடும்பக் குழுமத்தில் சுற்றிவிடும். போன மாதம் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா, அதில் ஒன்றுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டார். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் இருட்டில் கிடக்கிற ஊர், அவர் ஆசையில் தப்பில்லை. ஆனால் கட்டப்போகிற பணம் நம்மில் யாரோ ஓவர்டைம் பார்த்து அனுப்பியது. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சும்மா சுற்றும் சக்கரம் என்ற ஆசைக்கு வயது ஆயிரத்துக்கு மேல். ஆசைப்பட்டவர்களில் நம் நாட்டு மேதைகளும் உண்டு. பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் எழுதிய நூலிலும், பாஸ்கரர் 1150-ல் எழுதிய சித்தாந்த சிரோமணியிலும், ஆரக்கால்களுக்குள் பாதரசம் ஊற்றி மூடிய சக்கரம் ஒன்று வருகிறது. பாதரசம் ஒரு பக்கமாக ஓடிப் பாரம் கூடும், சக்கரம் தானே சுற்றும் என்பது கணக்கு.

காந்தத்தை உள்ளே கொண்டுவந்தவர் பிரான்சுக்காரரான பீட்டர் பெரெக்ரினஸ். 1269-ல் இத்தாலியின் லூசெரா நகர முற்றுகையின்போது எழுதிய கடிதத்தில் காந்தத்தின் துருவங்களைப் பற்றித் தெளிவாக விளக்கியவர் அவர். அதே கடிதத்தில், இரும்புப் பற்கள் வைத்த சக்கரத்தைக் காந்தக்கல்லால் ஓயாமல் சுற்றவைக்க வழியும் சொன்னார். உருண்டைக் காந்தம் வானத்தோடு சேர்ந்து தானே சுழலும், சுழலாவிட்டால் குறை செய்தவர் கையில்தான் என்றும் எழுதினார். "உங்களுக்கு செட்டிங் தெரியலை சார்" என்று இன்றைய வியாபாரி சொல்வதும் அதேதான் :-)

1648-ல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் இன்னொரு யோசனையை அலசினார். சாய்தளத்தின் உச்சியில் காந்தக்கல். அது இழுக்க, இரும்புக் குண்டு மேலே ஏறும். உச்சியில் உள்ள ஓட்டை வழியாக விழுந்து, மறுபடி ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குண்டை மேலே இழுக்கிற அளவு வலுவான காந்தம், அதை ஓட்டையில் விழ விடாதே என்று அவரே சொல்லிவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். காந்தம் இழுக்கும்போது கொடுப்பதை, விலகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். குமுளியிலிருந்து இஞ்சினை அணைத்துவிட்டு லோயர் கேம்ப் வரை பைக்கில் இறங்கலாம். அந்த வேகத்திலேயே திரும்பக் குமுளிக்கு ஏற முடியுமா? 1775-ல் பாரிஸ் அறிவியல் கழகம் இப்படிப்பட்ட இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. 1840-களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர், ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை, உருமாறத்தான் செய்கிறது என்று நிறுவினார்கள்.

"அப்படின்னா டேம்ல காந்தம் வச்சுத்தானேடா கரண்ட் எடுக்கிறான்?" என்றார் சித்தப்பா. நல்ல கேள்வி. காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பி நகர்ந்தால் மின்சாரம் வரும் என்று பாரடே 1831-ல் காட்டினார். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940-ல் ஓடத் தொடங்கியதும், 1976-ல் திறந்த இடுக்கித் திட்டத்தின் மூலமற்றம் நிலையத்தில் 780 மெகாவாட்டுக்கு இயந்திரங்கள் இருப்பதும் அந்த அடிப்படையில்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்பில் சுற்றுவதும் அதையே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி 1995-ல் கஞ்சிக்கோட்டில் நிறுத்திய காற்றாலைகளும் அப்படியே.

எல்லாவற்றிலும் காந்தம் உண்டு. ஆனால் உழைப்பது தண்ணீரும் காற்றும். மழை பொய்த்த வருடம் மூலமற்றத்தில் காந்தமும் கம்பியும் அப்படியேதான் இருக்கும், கரண்ட்தான் குறையும். பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? லைட்டைப் போட்டதும் பெடல் கனக்கும். கரண்ட் எடுத்தால் சக்கரம் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பை யாராவது மிதித்தே ஆகவேண்டும்.

1996-ல் தமிழ்நாடே பேசிய மூலிகைப் பெட்ரோலை நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கில் 2016-ல்தான் சென்னையில் நீதிமன்றம் தண்டனை விதித்தது. நடுவில் இருபது வருடம்.

ஊரில் யாராவது காந்த ஜெனரேட்டர் என்று வந்தால் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து காட்டு. உள்ளே பேட்டரியும் வெளியே வயரும் இல்லாமல் ஓட்டு. ஒரு குதிரைசக்தி மோட்டார் பம்பை மாட்டி, நம் தோட்டத்திலேயே ஒரு வாரம் நிற்காமல் இறைத்துக் காட்டு, பிறகு காசு. இருட்டுக்கு வழி வேண்டுமென்றால் சோலார் பேனலும் பேட்டரியும் இருக்கின்றன. விலை உண்டுதான். ஆனால் அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று வானத்தைப் பார்த்தாலே தெரியும்.