குளித்துக் கரையேறும்போது

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்கள். ஒரு வருடம் அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. மதியமே கிணற்றடிக்குப் போய்க் குதிகாலைக் கல்லில் தேய்த்தேன், நகம் வெட்டினேன், வழியில் புழுதி படக்கூடாதென்று மூடிய செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருபடி மேலே போய்க் காலுக்குப் பவுடரே பூசியிருந்தார். சாமியார் மண்டியிட்டு ஊற்றிய தண்ணீர், செம்பில் இருந்த தெளிவோடேயே தட்டில் விழுந்தது. மறுநாள், எங்கள் அன்பியக் குழுவுக்கு மட்டும் ஏன் ஒரே இடம் என்று பங்குத்தந்தையிடம் ஒருவர் சண்டைக்குப் போனார். அதுவும் பெரிய வெள்ளிக்கிழமை!

தாழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னதும் அந்தத் தட்டுத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. தாழ்ச்சி என்பது கத்தோலிக்க ஞானோபதேசத்தின் சொல். தலையான பாவங்களில் முதலாவதான அகங்காரத்துக்கு எதிராக நிற்கும் புண்ணியம். தென்னிந்தியத் திருச்சபையாரைக் கேட்டால் மனத்தாழ்மை என்பார்கள். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் அதற்கு நைச்சியம் என்று பெயர். அங்கே ‘நான்’ வர வேண்டிய இடத்தில் ‘அடியேன்’ வரும். திருச்சி என்ற ஒரே ஊரில் மூன்று சொல் புழங்குகிறது என்றால் சரக்குக்கு அவ்வளவு தட்டுப்பாடு போலும்.

சொல்லோடு நிற்காமல் வாழ்ந்து பார்த்தவர் ஒருவர் திருச்சிக்கு மேற்கே, குளித்தலையில் இருந்தார். ஜூல்ஸ் மொன்சானின், பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் 1895ல் பிறந்தவர். அங்கே அறிஞர்கள் அவருடைய பேச்சைக் கேட்கக் கூடினார்கள். 1939ல் அவர் கப்பலேறி இந்தியா வந்தபோது வயது 44. பிரெஞ்சு சேசு சபையார் நெடுங்காலம் நடத்திவந்த திருச்சி மறைமாவட்டத்துக்கு, அதற்கு முந்தைய ஆண்டுதான் முதல் இந்திய ஆயராக ஜேம்ஸ் மெண்டோன்சா வந்திருந்தார். அந்த ஆயருக்குக் கீழே ஒரு சாதாரண உதவிக் குருவாக வெள்ளைக்காரர் போய் நின்றார். வெள்ளைத் தோலைக் கண்டால் தாசில்தாரே எழுந்து நின்ற காலம் அது. ஆயர் சொன்ன சின்னச் சின்னக் கிராமப் பங்குகளுக்குப் போனார்; ஆஸ்துமாவோடு தமிழையும் சேர்த்துச் சமாளித்தார்.

1950 மார்ச் 21ஆம் தேதி, அவரும் 1948ல் வந்து சேர்ந்த பிரெஞ்சுத் துறவி ஆன்ரி லெ சோவும் தண்ணீர்பள்ளி மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்ற பெயரில் அதை இன்று எல்லாருக்கும் தெரியும். காவி, வெறுங்கால், காவிரிக்கரைக் குடிசை. மொன்சானின் பரம அரூபி ஆனந்தம் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். அந்தத் தேதியை அவர்கள் சும்மா எடுக்கவில்லை. அது அப்போது புனித ஆசீர்வாதப்பர் திருநாளாக இருந்தது. அந்த ஆறாம் நூற்றாண்டுத் துறவி தம் சபைக்கு எழுதிய ஒழுங்கில் ஏழாம் அதிகாரம் முழுவதும் தாழ்ச்சிக்கென்றே பன்னிரண்டு படிகள் அடுக்குகிறது. உயர்த்திக்கொண்டால் இறங்குவாய், தாழ்த்திக்கொண்டால் ஏறுவாய் என்பதுதான் அந்த ஏணியின் விசித்திரம். பன்னிரண்டாவது படியில்தான் தலை குனிவதும் கண் தாழ்வதும் வருகின்றன. வெளியே தெரியும் பணிவைக் கடைசியில் வைத்தார் அவர். நாமோ நேரே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். கை கூப்பி, குரலை இறக்கி, “எல்லாம் ஆண்டவர் செயல்” என்று சொல்லிவிட்டுப் போட்டோவுக்கு முன்வரிசையில் நிற்கிறோம்.

ஆறாவது படி கடினமானது: எந்தக் கடைநிலை வேலை வந்தாலும் அதோடு அமைந்து போவது. மொன்சானினுக்கு வாய்த்தது அதைவிடக் கடினம். அவர் காலத்தில் ஆசிரமத்தில் நிலைத்த சீடர் என்று யாரும் இல்லை. கூட இருந்த ஒரே தோழருக்கும் அவருக்கும் அத்துவைதத்தைப் பற்றி ஒத்துப்போகவில்லை. 1957ல் வைத்தியத்துக்காகப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 10ஆம் தேதி பாரிசில் இறந்தார். ஆசிரமத்துக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தது 1968க்குப் பிறகு, துறவி பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்ற காலத்தில். வெற்றி பெற்றவர் பணிவாக இருப்பதை நாம் மாலை போட்டுப் பாராட்டுகிறோம். தோற்றவர் கசப்பில்லாமல் இருந்ததற்கு யாரும் மலர் வெளியிடுவதில்லை.

தண்ணீர்பள்ளியைத் தாண்டி வரும் அதே தண்ணீர்தான் ஸ்ரீரங்கத்துக்கும் வருகிறது. இராமானுசரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் ஒரு செய்தி எனக்கு எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரியது. காவிரிக்குக் குளிக்கப் போகும்போது பிராமணச் சீடரான முதலியாண்டானின் தோளைப் பிடித்துக்கொண்டு போவாராம். குளித்துத் திரும்பும்போது உறையூர் மல்லர் உறங்காவில்லிதாசரின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாராம். தாசர் பிறந்த குலத்தைச் சொல்லி முணுமுணுத்தவர்களுக்கு இந்த வரிசைதான் பொறுக்கவில்லை. போகும்போது தொட்டிருந்தால் குளித்துச் சரிசெய்துவிட்டார் என்று ஆறுதல்பட்டிருப்பார்கள். சுத்தமாகிவிட்டோம் என்று ஊர் நினைக்கும் அந்த நிமிடத்தில்தான் அவர் அந்தத் தோளைத் தேடினார். நாங்கள் கிணற்றடியில் காலைத் தேய்த்த கதை இதற்கு நேர் எதிர். பூசை கண்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி வெளியே வரும்போதுதான் கிறிஸ்தவனுக்குத் தலைக்கனம் ஏறும் நேரம். குளித்துக் கரையேறிய நேரம் அது.

இந்தக் கதையில் ஒரு குறையும் உண்டு. சாய்ந்தவரின் பெருந்தன்மையைச் சொல்கிறோம், சாய இடம் கொடுத்த தோளை யாரும் கேட்பதில்லை. நம் பிரசங்க மேடைகளிலும் அப்படித்தான். தாழ்ச்சியாயிரு என்று பெரும்பாலும் யாருக்குச் சொல்கிறோம்? மாமியாருக்கா, மருமகளுக்கா? தாளாளருக்கா, ஆயாவுக்கா? ஏற்கெனவே கீழே இருப்பவரிடம் இன்னும் குனி என்பது சுவிசேஷம் ஆகாது. பாதம் கழுவத் துண்டை இடுப்பில் கட்டியவர் போதகரான இயேசுதானே, சீடர் இல்லையே.

திருச்சிக் கிறிஸ்தவர்கள் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரை அறிவார்கள். தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடையவற்றிலிருந்து பிரிக்க எழுப்பிய சுவர். அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன, பத்திரிகைகளும் எழுதியிருக்கின்றன. உயிரோடு இருப்பவர்களின் அகங்காரத்தையாவது புரிந்துகொள்ளலாம். மண்ணுக்குள் போன பிறகு யார் யாரைத் தொட்டுவிடப் போகிறார்கள்? நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் மெழுகுதிரி எரியும், செவ்வந்தி குவியும், சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே நடப்பார். நடுவில் சுவர் இருக்கும் தோட்டமானால், அந்தத் தீர்த்தச் செம்போடு அவர் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.