நான்கு கேலன் டின்: தென்னிந்திய வான்வழியும் எரிபொருள் கணக்கும்

1932 அக்டோபர் 15 காலையில் கராச்சியின் ட்ரிக் ரோடு வான்தளத்திலிருந்து ஒரு சிறு விமானம் புறப்பட்டது. டி ஹாவிலாண்ட் நிறுவனம் தயாரித்த 'புஸ் மாத்' வகை. ஒரே எஞ்சின், 120 குதிரைத்திறன். அதை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவந்து சேர்த்த தபாலில் ஏறத்தாழ 25 கிலோ அதில் இருந்தது. அகமதாபாத்தில் இறங்கியதும் விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது. வந்தது மாட்டுவண்டியில். பர்மா ஷெல் கம்பெனியின் நான்கு கேலன் டின்களை வண்டியிலிருந்து இறக்கி, டாங்கியில் ஊற்றி, மீண்டும் புறப்பட்டு, பிற்பகலில் பம்பாயின் ஜூஹுவில் டாட்டா இறங்கினார். அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் என்ற விமானி எடுத்துச் சென்றார். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர்.

இந்தியாவின் முதல் விமானத் தபால் சேவையைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த மாட்டுவண்டியை ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். உண்மையில் அந்தச் சேவையின் கணக்கே அந்த வண்டியின் மேல்தான் நின்றது.

பெட்ரோலுக்கு எடை உண்டு. ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.72 கிலோ. ஒரு பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், ஆகவே நான்கு கேலன் டின்னில் 18 லிட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். (பழைய வீடுகளில் தண்ணீர் சுமக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் பயன்பட்ட சதுரத் தகர டின் இதே அளவுதான்.) இப்படிப் பார்த்தால், முதல் நாள் டாட்டா சுமந்து வந்த தபால் முழுவதும் இரண்டு டின் பெட்ரோலின் எடைக்குத்தான் சமம். தபாலுக்குக் கட்டணம் உண்டு. பெட்ரோல் பாரத்துக்குக் கட்டணம் தருவார் யாரும் இல்லை. அரசு மானியமும் இந்தச் சேவைக்குக் கிடைக்கவில்லை. எனவே வழியெல்லாம் எரிபொருளைச் சுமந்து பறப்பதைவிட, வழியில் எரிபொருள் காத்திருக்கும் இடங்களில் இறங்கிப் பறப்பதே லாபம்.

கராச்சி, அகமதாபாத், பம்பாய், பெல்லாரி, சென்னை என்ற வரிசையை இந்தக் கண்ணோட்டத்தில் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் நேர்க்கோட்டில் சுமார் 400 முதல் 600 கிலோமீட்டர். சிறு விமானம் ஒன்று டாங்கி நிரப்பிக்கொண்டு, ஓரளவு மிச்சமும் வைத்துப் போகக்கூடிய தூரம் அது. மழைக்காலத்தில் ஜூஹு தளம் நீரில் மூழ்கியதால் பூனாவுக்கு மாறினார்கள். விமானம் மாறும்போது டின்களும் மாறித்தானே ஆகவேண்டும்! 1933இல், முதல் முழு ஆண்டில், சுமார் 1,60,000 மைல் பறந்து, பத்து டன்னுக்கு மேல் தபாலும் 155 பயணிகளும் ஏற்றிச் சென்றார்கள். வானொலித் தொடர்பு இல்லாமல், தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்து வழி கண்டுபிடித்த காலம் அது.

எரிபொருள் கணக்கில் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று. விமானம் காற்றுக்குள் பறக்கிறது; தூரமோ தரையில் அளக்கப்படுகிறது. பள்ளிக் கணக்கில் வரும் படகும் நீரோட்டமும் இதேதான். மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகமும், மணிக்கு 25 லிட்டர் செலவும் உள்ள ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். காற்று இல்லாத நாளில் 2 மணி 37 நிமிடம் ஆகும். 66 லிட்டர் போதும். அரை மணி நேர மிச்சத்துக்கு 12.5 லிட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 78 லிட்டர். ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் தரை வேகம் 120 ஆகக் குறைந்துவிடும். பயணம் மூன்றரை மணி நேரம் நீளும், அதற்கே 87.5 லிட்டர் வேண்டும். 78 லிட்டருடன் புறப்பட்டவரின் விமானம் செங்கல்பட்டை நெருங்கும்போதே நின்றுபோகும்.

போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது உதவும், இரண்டும் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஆகாது. திரும்பும்போது தரை வேகம் 200. நேரம் 2 மணி 6 நிமிடம். போக வர மொத்தம் 5 மணி 36 நிமிடம். காற்றே இல்லாதிருந்தால் 5 மணி 15 நிமிடம்தான். எதிர்க்காற்றில் கழிக்கும் நேரம் அதிகம் என்பதால் நட்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும்.

இது ஏட்டுக்கணக்கு மட்டும் இல்லை என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 1930 மே மாதம் இங்கிலாந்தின் க்ராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை தனியாகப் பறந்த ஏமி ஜான்சன், கராச்சியிலிருந்து அலகாபாத்தை நோக்கிப் புறப்பட்டார். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,480 கிலோமீட்டர். எதிர்க்காற்று அவரைத் தாமதப்படுத்தியது. பெட்ரோல் தீரும் நிலை வந்தது. அலகாபாத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே உள்ள ஜான்சியில், ராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். விமானத்தின் இறக்கை சேதமடைந்தது, அவர் தப்பினார். சரிசெய்துகொண்டு தொடர்ந்து பறந்து மே 24 அன்று டார்வின் சேர்ந்தார். தரையில் திடல் இருந்ததால் கதை அப்படி முடிந்தது.

கீழே கடல் என்றால் திடல் ஏது? தெற்கே வான்வழி நீண்டபோது எழுந்த கேள்வி இதுதான். 1935 நவம்பர் 27 அன்று, மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ சென்னையிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் சென்று, கொழும்புக்கு அருகில் உள்ள இரத்மலானையில் இறங்கினார். அந்த வான்தளத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. சென்னையிலிருந்து இரத்மலானை நேர்க்கோட்டில் 690 கிலோமீட்டருக்குக் குறையாது. 1938 பிப்ரவரியில் டாட்டாவின் தபால் சேவை கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டபோது இடையில் திருச்சிராப்பள்ளி சேர்ந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 290, அங்கிருந்து கொழும்புக்குச் சுமார் 460 கிலோமீட்டர். மொத்தத் தூரம் கொஞ்சம் கூடினாலும், கடலைத் தாண்டும் முன் டாங்கியை நிரப்பிக்கொள்ள ஓர் ஊர் கிடைத்தது. தபாலுக்கும் திருச்சி ஒரு வாசல்.

டின் காலத்தில் அளவோடு சுத்தமும் ஒரு கவலை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கி, எஞ்சினுக்குள் போய், நடுவானில் நிறுத்திவிடும். எனவே புனலில் மெல்லிய பதனிட்ட தோலை விரித்து அதன் வழியே ஊற்றுவார்கள். பெட்ரோல் இறங்கும், தண்ணீர் மேலே தங்கும். இன்றும் சிறு விமானத்தின் விமானி புறப்படும் முன் டாங்கியின் அடிக்குழாயிலிருந்து கொஞ்சம் பிடித்து, கண்ணாடிக் குப்பியில் பார்க்கிறார். அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்பாமல், டாங்கிக்குள் அளவுகோல் விட்டுப் பார்ப்பதும் பழைய பழக்கம்தான். டாங்கியில் உள்ளதெல்லாம் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. அடியில் கொஞ்சம் எப்போதும் பயன்படாமல் நிற்கும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மிச்சம் எவ்வளவு வேண்டும் என்பது முன்பெல்லாம் விமானியின் விவேகத்துக்கு விடப்பட்டிருந்தது. பின்னர் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் அதை எழுத்தில் வைத்தன. தரையைக் கண்ணால் பார்த்துப் பறக்கும் தனியார் சிறு விமானம், பகலில் சேருமிடத்துக்கு மேல் 30 நிமிடத்துக்கும், இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் வைத்திருக்க வேண்டும். இது குறைந்த அளவு. அனுபவசாலிகள் இதைவிட அதிகமாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

நாட்டில் எரிபொருள் கிடைக்குமா என்ற கேள்வி அண்மைக்காலம் வரை தீரவில்லை. பெரிய விமானங்கள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஏ.டி.எஃப். பயன்படுத்துகின்றன. பிஸ்டன் எஞ்சின் கொண்ட பயிற்சி விமானங்கள் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது அவ்கேஸ் 100 எல்.எல். என்ற நீல நிறப் பெட்ரோல். அவ்கேஸுக்குப் பதில் ஏ.டி.எஃப். ஊற்றிவிட்டால், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே எஞ்சின் நின்றுபோகக்கூடும். அடையாளத்துக்காகவே நிறம் சேர்க்கிறார்கள். இந்த அவ்கேஸை இந்தியா வெளிநாட்டிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவிலுள்ள தன் குஜராத் சுத்திகரிப்பாலையில் தயாரித்ததை வெளியிட்டது. 1932இல் மாட்டுவண்டி டின்களோடு காத்திருந்த அகமதாபாத்திலிருந்து வதோதரா நூறு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.