தண்டோராவிலிருந்து செய்திக் குறிப்பு வரை

அரசாங்கத்தின் சொல்லை ஊராருக்கு எடுத்துச் சென்றவர்கள் யாவர்? இவ்வினாவிற்கு விடை காண நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரைக் கேட்டாலே போதும். தீர்வை கட்டக் கெடுநாள், ஏலத் தேதி, கொள்ளைநோய் எச்சரிக்கை, எதுவாயினும் தெருமுனையில் நின்று தப்படித்து உரக்கக் கூறியவர் நம்மவரே. ஆயின் கூறிய சொல் அவருடையதன்று. எழுதியவர் கணக்குப்பிள்ளை, ஒப்பமிட்டவர் தாசில்தார். ஊர் முழுவதற்கும் செய்தி சொன்னவருக்கு அச்செய்தியைப் படிக்கத் தெரியாத நிலை தலைமுறை தலைமுறையாய் நீடித்தது.

தொடக்கத்திலிருந்தே இவ்வாறுதான் இருந்ததா? மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவைப் புகார் நகரத்தார்க்கு அறிவிப்பவன் முதுகுடியிற் பிறந்தவன் எனப்படுகிறான். அவனது முரசம் யானையின் பிடரியில் ஏறி வருகிறது. முரசறைதல் அன்று இழிதொழிலாய் இருக்கவில்லை. யானை மீதிருந்த முரசு சேரியின் தப்பாகச் சுருங்கிய வரலாற்றை எழுதத் தனி நூல் வேண்டும்.

பிறர் எழுதியதைக் கூவுவதோடு நில்லாமல், தாமே எழுதி அச்சேற்றத் துணிந்தவர்கள் நம் முன்னோர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். சட்டமன்றம் புகுந்த பின் சீனிவாசன் அவர்கள் 1924-இல் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் யாவற்றையும் எவரும் பயன்படுத்தலாம் என்று சென்னை அரசாங்கம் ஆணையிட்டது. ஆணை பிறந்துவிட்டது. ஆனால் அரசாணையைப் படித்துக் காட்ட எந்தச் சேரிக்கு யார் வந்தார்? தனக்குரிய உரிமை தாளில் இருப்பதை அறியாமலே எத்தனையோ பேர் ஒதுங்கி நடந்து மாண்டனர். ஆணை பிறப்பிப்பது ஒரு பணி. அது சேர வேண்டியவரைச் சேரச் செய்வது வேறு பணி. இவ்விரண்டாவது பணியைப் பற்றியே ஈண்டு நாம் பேச விழைகிறோம்.

நம் பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில் ஆட்சியர் அலுவலகம் அம்மாவட்டத்திலேயே இல்லை, மதுரையில் இருந்தது. மனுக் கொடுக்கவும் மதுரை, விவரம் கேட்கவும் மதுரை. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் கொடுத்துப் போய்வந்தவர்கள் நம்மில் பலர். 1985 மார்ச் 15 அன்று விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு காமராசர் மாவட்டம் அமைந்தது. அம்மாவட்டமே இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படுகிறது. ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தபோது, செய்தி மக்கள் தொடர்பு அலுவலகமும் அருகில் வந்தது.

அவ்வலுவலகத்தில் நடப்பது என்ன? ஆட்சியரின் நிகழ்ச்சிகளையும் அரசின் திட்டங்களையும் செய்திக் குறிப்பாக எழுதி இதழ்களுக்கு அனுப்புதல், புகைப்படம் எடுத்தல், கண்காட்சி அமைத்தல், குறும்படம் காட்டுதல், பத்திரிகைகளில் வரும் குறைகளைத் தொகுத்து அதிகாரிகளின் பார்வைக்கு வைத்தல். மாநில அரசின் திங்களிதழான 'தமிழரசு' இத்துறையின் வெளியீடே. நடுவண் அரசில் 1960-இல் அமைந்து, 1987-இல் இந்தியத் தகவல் பணி எனப் பெயர் மாறிய பணி உண்டு. பட்டம் பெற்ற எவரும் குடிமைப் பணித் தேர்வு எழுதி அதன் முதல் நிலைக்குள் நுழையலாம். நடுவண் பணிகளில் நமக்குரிய ஒதுக்கீடு 15 விழுக்காடு. தேர்ந்தோருக்கு 1965-இல் நிறுவப்பெற்ற இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் புதுதில்லியில் பயிற்சி. மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி ஆகிய மூன்றையே கனவு காணும் நம் பெற்றோர் இப்படியொரு வழி இருப்பதைப் பெரும்பாலும் கேள்விப்பட்டதே இல்லை.

ஆளுவோரின் புகழ் பாடும் வேலைதானே இது என்று இளைஞர் சிலர் கேட்பர். கேள்வியில் நியாயம் உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. அலுவலர் தம் சொந்தக் கருத்தை எழுத இயலாது. மாலை போடும் படமும் அவர் வழியாகவே வெளிவரும். ஆயினும் அதே மேசையிலிருந்துதான் உதவித்தொகைக்குக் கடைசி நாள் எதுவென்றும், சாதிச் சான்றிதழுக்கு எங்கு விண்ணப்பிப்பதென்றும், நலவாரியத்தில் பதிவது எப்படியென்றும் செய்தி புறப்படுகிறது. காலனிக்கு விளங்காத நடையில் அது எழுதப்பட்டால் நட்டம் யாருக்கு?

பட்டாசு மண்ணில் இப்பணி உயிரோடு தொடர்புடையது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிச் சென்று அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். "புகை தெரிந்தால் அருகே போகாதீர், இன்னும் வெடிக்கும்" என்ற ஒரு வரி முன்கூட்டியே ஊர்தோறும் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். மருந்துக் கலவையின் குணத்தையும், வீட்டு முற்றத்தில் திரி கட்டும் கைகளையும் அறிந்த பிள்ளையே அவ்வரியை உறைக்கும்படி எழுத வல்லவன்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி வாகன ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை அது நின்றபாடில்லை என்பதை எண்ணும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது. தப்பு ஓய்ந்தது நன்று. ஒலிபெருக்கியில் படிக்கப்படும் தாளை எழுதும் நாற்காலியில் நம்மவர் அமர்வது இனிதான் நடக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இவ்வாரமே ஒன்று செய்யலாம். நாளிதழில் வரும் ஆட்சியர் அலுவலக அறிவிப்பு ஒன்றை வெட்டி எடுத்து, தம் தெருவிலுள்ள ஒரு பாட்டிக்குப் புரியும் வகையில் பத்து வரிகளில் திருப்பி எழுத வேண்டும். அவரிடமே படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர் புருவம் சுருங்குகிறதோ அதை அடித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும். எழுதியவற்றை நம் கழகத்தின் மாலை வகுப்பிற்குக் கொண்டு வந்தால், உடனமர்ந்து திருத்தித் தர நாம் அணியமாய் உள்ளோம்.